இரண்டே முக்கால் அடி

பெயின்டர் ஜான்சனுக்கு அந்த நடைபாதையில் வேலை செய்த பதினோரு நாளும் மதியச் சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வருஷமாகச் சுவருக்கும் கேட்டுக்கும் கடைப் பலகைக்கும் வண்ணம் அடிக்கிறவர். தின்னர் நெடியிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுப் பழகியவர். அவருக்கே முடியவில்லை. காரணம் அந்தச் சுவர்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில், பூட்டிக் கிடந்த ஒரு பழைய குடோனின் சுவர் அது. அதை ஒட்டித்தான் புது நடைபாதை போட்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அந்தச் சுவரைப் பார்த்து நின்றார்கள். டூரிஸ்ட் வேன் டிரைவர்கள், சேலைக் கடைக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர்கள், கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய பையன்கள், எல்லாரும். யாரோ ஒரு நல்ல மனுஷர் இதைத் தடுக்கலாம் என்று பிள்ளையார், இயேசு, பிறை நிலா மூன்றும் அச்சிட்ட டைல்ஸ்களைச் சுவரில் பதித்து வைத்திருந்தார். வந்தவர்கள் டைல்ஸிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார்கள். ஒருவர் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு நகர்ந்து நின்று வேட்டியைத் தூக்கினார். சுவரின் அடியில் புது டைல்ஸ் கற்கள் அதற்குள்ளேயே மஞ்சள் பூத்து, ஓரத்தில் உப்புப் படிந்திருந்தது. அதன் மேல் தின்று போட்ட புளியோதரைத் தொன்னைகள், காய்ந்த மாலைகள், நாய்கள் இழுத்துப் போட்ட எச்சில் இலைகள். அங்கேதான் ஜான்சன் குந்தி உட்கார்ந்து கோடு போட வேண்டியிருந்தது.

திட்டம் இதுதான். நடைபாதையின் அகலம் ஐந்தடி. சுவர்ப் பக்கம் மூன்றடி நடக்கிறவர்களுக்கு, ரோட்டுப் பக்கம் இரண்டடி சைக்கிளுக்கு. நடுவில் மஞ்சள் கோடு. சைக்கிள் பக்கத்தில் நாற்பதடிக்கு ஒரு வெள்ளை சைக்கிள் படம். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி இதைப் படமாகப் போட்டு அனுப்பியிருந்தது. அந்தப் படத்தில் பை மாட்டிய ஒரு அம்மாள் நடக்கிறாள், பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவன் சைக்கிளில் போகிறான், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பின்னால் ஒரு மரம் இருக்கிறது. மரம் இருக்க வேண்டிய இடத்தில் இங்கே டிரான்ஸ்ஃபார்மர் நின்றது. அதைச் சுற்றிக் கம்பி வலை.

முதல் நாளே ஜான்சன் கேட்டுவிட்டார். கான்ட்ராக்டர் சபாபதியும் கம்பெனி என்ஜினியரும் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

"சார், கோடு இங்க எப்டிப் போறது? நேரா போனா வலைக்குள்ள பூந்துடும்."

"வலை வரைக்கும் போட்டு நிறுத்துங்க. அந்தப் பக்கத்திலேர்ந்து மறுபடி ஆரம்பிங்க," என்றார் என்ஜினியர். "டிரோன்ல போட்டோ எடுப்பாங்க. மேலேர்ந்து பார்த்தா நேரா தெரியணும்."

"சைக்கிள்ல வர்றவங்க எப்டி சார் போவாங்க?"

"இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவாங்க. அது உங்க பிரச்சினை இல்லையே."

சபாபதி ஜான்சனின் தோளைத் தட்டினான். "போடுபா. சொன்னதைப் போடு."

ஜான்சன் நூல் பிடித்து, டேப் ஒட்டி, சொன்னதைப் போட்டார். கோடு கம்பி வலை வரை போய் நின்றது. வலைக்கு அந்தப் பக்கம் மறுபடி கிளம்பியது. சைக்கிள் என்ன, பாம்பா, வலைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வருவதற்கு என்று நினைத்துக்கொண்டே போட்டார். ஈரம் காயாத மஞ்சள் மேல் ஒருவன் பாக்கு எச்சிலைத் துப்பிவிட்டுப் போனான். "இப்பத்தான் போட்டேன்பா, பாத்துத் துப்பக் கூடாதா," என்றார். "தெருதானே, துப்பாம இன்னா பண்றது," என்றான் அவன், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஜான்சன் துணியால் துடைத்து அந்த இடத்தில் மறுபடி அடித்தார். அந்தச் சிவப்பு முழுசாகப் போகவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் ராத்திரியே லாரியில் தண்ணீர் கொண்டுவந்து சுவரைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். காலையில் புது சைக்கிள்கள் வந்தன. ரிப்பன் வெட்டினார்கள். பெரிய மனுஷர்கள் ஐந்தாறு பேர் கொஞ்ச தூரம் ஓட்டி, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பத்தடி முன்னாலேயே இறங்கி, போட்டோவுக்கு நின்றுவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். அவர்கள் தலை மறைந்த அரை மணியில் ஒருவன் சுவரோரம் போய் நின்றான்.

அன்றைக்கு வீட்டில் ஜான்சன்தான் பேச்சை எடுத்தார். மகள் ஷாரோன் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் பி.காம் இரண்டாம் வருஷம். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்தான் போய் வருகிறாள். போன மாதம் ஒரு வேன் அவள் ஹேண்டிலை உரசிக்கொண்டு போனதில் முழங்கை தோலுரிந்து வந்திருந்தாள். அன்றிலிருந்து மகள் காலேஜ் போய்ச் சேர்ந்து மெசேஜ் போடும் வரை ஜான்சனுக்கு வேலையில் கை ஓடாது.

"இனிமே அந்த இடத்துல ரோட்ல போவாத ஷாரோன். மேல ஏறிப் போ. அதான் கோடு போட்டு வெச்சிருக்குதே."

"அது வழியாவா? நாறும்பா," என்றாள் ஷாரோன்.

"மூக்கைப் பொத்திக்கினு ரெண்டு நிமிஷம் போனா முடிஞ்சிது. வேனுக்கு அடில போறதுக்கு இது தேவல."

அவருடைய மனைவி ஏஞ்சல் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து, "அந்த டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட?" என்று கேட்டாள்.

"பாத்துப் போனா ஒண்ணும் ஆவாது," என்றார் ஜான்சன். அப்படிச் சொன்னது அவர்தான். பின்னால் எத்தனை பேர்மேல் கோபப்பட்டாலும் இதை அவரால் மறக்க முடியவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அது நடந்தது. என்ன நடந்தது என்பதைப் பாதி ஷாரோன் சொல்லியும், மீதி ஊரெல்லாம் சுற்றிய வீடியோவைப் பார்த்தும் ஜான்சன் தெரிந்துகொண்டார். பாஷ்யம் என்று ஒரு ரிடையர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார், எழுபத்து மூன்று வயது, சின்ன காஞ்சிபுரத்துக்காரர். தினமும் காலையில் பாங்க் பக்கம் வரை நடந்து போய் வருகிறவர். அன்றைக்கும் நடந்துகொண்டிருந்தார், சைக்கிள் பக்கத்தில். எல்லாருமே அந்தப் பக்கத்தில்தான் நடந்தார்கள். சுவர்ப் பக்கம் கால் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. பின்னால் ஷாரோன் மணி அடித்துக்கொண்டே வந்தாள். டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. வலைக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற சந்தில் புகுவதற்கு அவள் ஹேண்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். மணிச் சத்தம் கேட்டுப் பாஷ்யமும் அதே நேரத்தில் சுவர்ப் பக்கம் ஒதுங்கினார். ஹேண்டில் அவர் விலாவில் பட்டது. அவர் சுவரோரமாக விழுந்தார், அந்த ஈரத்தில், முகம் கீழே. ஷாரோன் மறுபக்கம் சாய்ந்து விழுந்ததில் கல் விளிம்பு பட்டுத் தாடை கிழிந்தது.

வீடியோவை எடுத்தவன் கை நடுங்காமல் எடுத்திருந்தான். எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். "கண்ணு தெரியல இதுங்களுக்கு," என்று ஒரு குரல். "பிளாட்பாரத்துல சைக்கிள் ஓட்டச் சொல்லி யார் சொன்னது," என்று இன்னொன்று. பாஷ்யம் எழுந்திருக்கப் பார்த்து, கை ஊன்ற முடியாமல் மறுபடி அதிலேயே விழுந்தார். அவரைத் தூக்க யாரும் குனியவில்லை. அவர் சட்டையிலும் வேட்டியிலும் சொட்டியது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். வீடியோவின் ஓரத்தில், நாலடி தள்ளி, சுவரைப் பார்த்து நின்ற ஒருவன் கழுத்தை மட்டும் திருப்பி வேடிக்கை பார்த்தான். வந்த வேலையை அவன் நிறுத்தவில்லை. ஜான்சன் அந்த இடம் வரும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்தார். ஒரு தடவை வெளியே போய் நிஜமாகவே வாந்தி எடுத்தார்.

தூக்கியது ஷாரோன்தான். தாடையிலிருந்து ரத்தம் வடிய, அவருடைய அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தினாள். ஆட்டோக்காரர் பெரியவரின் உடையைப் பார்த்து, "சீட்டு கெட்டுடும்மா," என்றார். ஷாரோன் துப்பட்டாவைக் கழற்றிச் சீட்டில் விரித்து, "இப்ப ஏத்துங்கண்ணா," என்றாள்.

ஏஞ்சல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறாள். ஷாரோன் அங்கேதான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஜான்சன் போய்ச் சேரும்போது மகளுக்குத் தாடையில் ஐந்து தையல் போட்டிருந்தார்கள். பெரியவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. எக்ஸ்ரே, ஊசி எதற்கும் அவர் எதுவும் சொல்லவில்லை. "முதல்ல என்னை அலம்பி விடுங்கோ," என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏஞ்சல் வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து திரையை இழுத்துவிட்டு, முகம், காது மடல், விரல் இடுக்கு என்று மூன்று தடவை துடைத்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தரம், இன்னொரு தரம்," என்றார். அவளும் செய்தாள்.

மத்தியானம் சென்னையிலிருந்து அவருடைய பிள்ளை ஸ்ரீசரண் வந்தான். வந்த வேகத்தில் கேட்டான். "ஃபுட்பாத்ல சைக்கிள் ஓட்ட யார் பெர்மிஷன் குடுத்தா? நான் கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன்."

ஜான்சன் எழுந்து நின்றார். "கோடு போட்டு வெச்சிருக்காங்க சார். சைக்கிள் படம் கூட இருக்குது. நான்தான் போட்டேன். அதுல போவச் சொன்னதும் நான்தான். பொண்ணு என் பொண்ணு."

ஸ்ரீசரண் அவரை ஏற இறங்கப் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கட்டிலிலிருந்து பாஷ்யம் மெதுவாக, "அந்தக் குழந்தைக்குத் தையல் பிரிக்கற வரைக்கும் தண்ணி படக்கூடாது, சொல்லுங்கோ," என்றார்.

நாலு நாளில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. நடைபாதை நடக்கிறவனுக்கு என்று ஒரு கட்சி. ரோட்டில் சைக்கிள்காரன் சாக வேண்டுமா என்று இன்னொரு கட்சி. வாட்ஸ்அப்பில் ஷாரோனின் முகத்தை வட்டமிட்டு, அதற்குக் கீழே வாயில் சொல்ல முடியாததையெல்லாம் எழுதியிருந்தார்கள். அப்படி எழுதியவர்களில் ஒருவருடைய வீடு முழுக்கப் போன வருஷம் வண்ணம் அடித்துக் கொடுத்தவர் ஜான்சன்தான். ஷாரோன் அழவில்லை. "ரோட்ல போனா வேன் என்னை இடிக்கும். இதுல போனா நான் யாரையாவது இடிப்பேன். ரெண்டுல எது பரவால்லன்னு நீயே சொல்லுபா," என்றாள்.

அந்த வாரம் சபாபதி கூப்பிட்டு அனுப்பினான். மேஜை மேல் டைப் அடித்த ஒரு தாள். 'வரைபடத்தின்படி கோடு போடாமல் விட்டது என் கவனக்குறைவு' என்று ஆரம்பித்தது.

"கையெழுத்துப் போடுபா. உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கம்பெனிக்குக் காட்டறதுக்கு ஒரு பேப்பர், அவ்ளோதான். டிரான்ஸ்ஃபார்மரைச் சுத்தி வளைச்சுப் போட்டுக் குடுத்துடு. அடுத்த வேலையும் உனக்குத்தான்."

"அன்னிக்கி நான் கேக்கும்போது நீ பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்த?"

"நின்னேன். அத இப்ப யாரு வந்து சொல்லப் போறாங்க?" சபாபதி சிரித்துக்கொண்டே டீயை உறிஞ்சினான். உதட்டோரம் பாலேடு ஒட்டியிருந்தது. இந்த ஆளோடு பதினைந்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோமே என்று ஜான்சனுக்குத் தோன்றியது. தாளைத் தொடாமல் எழுந்தார்.

அங்கிருந்து நேராக டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் போனார். டேப்பை வலையில் மாட்டிச் சுவர் வரை இழுத்தார். இரண்டே முக்கால் அடி. இரண்டாம் தடவை இழுத்தார். அதேதான். பக்கத்தில் நின்ற ஒருவன் ஜிப்பைப் போட்டுக்கொண்டே, "இன்னாபா, எடம் வாங்கப் போறியா?" என்று கேட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மேடையில் அதிகாரிகள் மூன்று பேர். கம்பெனி என்ஜினியரும் வந்திருந்தார். முதல் வரிசையில் ஜவுளிக்காரர்கள். அந்த ரோட்டில் பெரிய பட்டு மாளிகை வைத்திருக்கிற ஒருவர் எழுந்து, நடைபாதையில் சைக்கிளைத் தடை செய்ய வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். அவர் கடைப் படிக்கட்டு நடைபாதையில் மூன்றடி ஏறி நிற்கிறது. ஜெனரேட்டர் மீதியில் நிற்கிறது. அதைக் கேட்க ஒருவரும் இல்லை. ஒரு காலேஜ் பையன், வெளிநாட்டில் எல்லாம் சைக்கிளும் நடக்கிறவர்களும் சேர்ந்துதான் போகிறார்கள் என்றான். பூ விற்கிற தில்லையம்மாள் மைக்கை வாங்காமலே கேட்டாள். "நடக்கறவளுக்கு முதுகுல கண்ணா இருக்குது? மணி அடிச்சா எந்தப் பக்கம் ஒதுங்கறது? அந்தச் சுவத்து மேலயா?"

பாஷ்யம் கட்டுப் போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். பிள்ளை தடுத்தும் கேட்காமல் எழுந்தார்.

"நான் சைக்கிள் பக்கத்துலதான் நடந்துண்டிருந்தேன். எனக்குக் குடுத்த மூணடியில நடக்கல. நடக்க முடியல. சைக்கிளும் மனுஷாளும் ஒரு பாதையைப் பகிர்ந்துக்கலாமா கூடாதான்னு கேக்கறேள். பகிர்ந்துக்க முதல்ல பாதைன்னு ஒண்ணு வேணும். அங்க இருக்கறது கழிப்பிடம். கழிப்பிடத்துல யார் எந்தப் பக்கம் போறதுன்னு கோடு போட்டு வெச்சிருக்கேள்."

மண்டபம் சிரித்தது. பாஷ்யத்தின் முகம் சிவந்தது. "சிரிக்கறதுக்காகச் சொல்லல. அது என் வாய்க்குள்ள போயிடுத்து. பத்து நாளாச்சு, இன்னும் என்னால சாப்பிட முடியல."

சிரிப்பு நின்றது. ஜான்சன் எழுந்தார். மேடைப் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை. கையில் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் பெயின்டருங்க. கோடு போட்டது நான்தான். டிரான்ஸ்ஃபார்மர் வலைக்கும் சுவத்துக்கும் நடுவுல ரெண்டே முக்கால் அடி இருக்குது. சைக்கிள் ஹேண்டில் ரெண்டடி. மீதி முக்கால் அடி. முக்கால் அடில யாரு நடப்பாங்க? சைக்கிள்ல வர்றவங்க எப்டிப் போவாங்கன்னு மொத நாளே இந்த சாரை கேட்டேன். போட்டோல நேரா தெரியணும்னு சொன்னாரு. தப்புன்னு தெரிஞ்சுதான் போட்டேன். என் பொண்ணையும் அதுலயே அனுப்பிச்சேன். சைக்கிள வேணாம்னாலும் சரி, வேணும்னாலும் சரி. அந்தச் சுவத்தையும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஒண்ணும் பண்ணாம இங்க பேசிக்கினு இருக்கறதுல பிரயோஜனம் இல்லிங்க."

என்ஜினியர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபாபதி மண்டபத்துத் தூணைப் பார்த்தான். மேடையில் நடுவில் இருந்தவர், "கருத்துகளைக் குறித்துக்கொண்டோம்," என்றார். பிறகு சமோசாவும் டீயும் வந்தன. பட்டு மாளிகைக்காரர் தின்ற காகிதத்தைச் சுருட்டி நாற்காலிக்குக் கீழே போட்டார்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அந்த நடைபாதையில் சைக்கிள் ஓட்டத் தடை. கோட்டை அழித்துவிட்டுத் தடைப் பலகை வைக்க வேண்டும். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி இல்லை. படிக்கட்டு, ஜெனரேட்டர் எதைப் பற்றியும் இல்லை. பலகை எழுதக் கூப்பிட்டு ஜான்சனிடம் சபாபதி ஆள் அனுப்பினான். கூட்டத்தில் பேசியதை அவன் மனசில் வைத்துக்கொள்ளவில்லையாம், ஜான்சன் எழுத்துதான் அழகாக இருக்குமாம்.

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு," என்றார் ஜான்சன். "இனிமே அவன் வேலை எதுக்கும் நான் வர மாட்டேன்."

வாலாஜாபாத்திலிருந்து ஒருவனைக் கூட்டி வந்தார்கள். மஞ்சள் கோட்டின் மேல் கறுப்பு அடித்தான். வெள்ளை சைக்கிள்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பலகையை நட்ட மறுநாளே இரண்டு பைக்குகள் அதில் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தன. நடக்கிறவர்கள் ரோட்டில் இறங்கி நடந்தார்கள். பாஷ்யம் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். மொட்டை மாடியில் நடப்பதாக, தையல் பிரித்த அன்று ஷாரோனுக்குப் போன் செய்து சொன்னார்.

ஜான்சன் மகளைக் கொஞ்ச நாள் தன் மொபெட்டில் கொண்டுபோய் விட்டார். அவருக்கு முசரவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வேலை வந்தது. அது எதிர்த் திசை. தினமும் இரண்டும் நடக்கிற காரியம் இல்லை.

"திங்கக்கிழமைலேர்ந்து நான் சைக்கிள்லயே போறேன்பா," என்றாள் ஷாரோன்.

"எதுல?"

"ரோட்லதான். வேற எது இருக்குது?"

ஜான்சன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். போன தடவை தான் சொன்ன யோசனை நினைவுக்கு வந்ததும், எழுந்து போய் அவள் சைக்கிள் பிரேக்கை அழுத்திப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பியதும், வேலைக்குத் தாமதமானால் ஆகட்டும் என்று அவரும் மொபெட்டை எடுத்தார். அவளுக்குப் பத்தடி பின்னால், ரோட்டின் நடுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, அவள் வேகத்துக்கே உருட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்த டூரிஸ்ட் வேன் ஹாரன் அடித்தது. அவர் விலகவில்லை. மறுபடி அடித்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவர் அம்மாவைச் சொல்லித் திட்டினான். ஜான்சன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடோன் சுவரைக் கடக்கும்போது எப்போதும் போல அந்த நாற்றம் வந்து அறைந்தது. ஐந்து பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஷாரோன் ஒரு கையால் மூக்கைப் பொத்தப் போனாள்.

"ரெண்டு கையும் ஹேண்டில்ல வையி," என்று பின்னாலிருந்து கத்தினார் ஜான்சன்.

அவள் கையை எடுத்து ஹேண்டிலில் வைத்துக்கொண்டு மிதித்தாள்.